வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தால் போதுமா?

தை மாதம் உங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஒரு வருடமாக அங்கே வேலை பார்த்த கொத்தனார், சித்தாள், கம்பி கட்டியவர், பெயின்டர் எல்லோருக்கும் மனசார மரியாதை செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் ஆசை. மாமாவோ, "பேசின கூலியைப் பைசா பாக்கி இல்லாமக் கொடுத்தாச்சு. மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வெச்சுக் கொடுத்தா வழக்கம் முடிஞ்சுது. மத்தவங்களுக்கு எதுக்கு?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது, வேறு என்னதான் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 32 வருடமாகத் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சிவில் இன்ஜினியர். எந்தக் கம்பெனி சிமென்ட் நல்லது, எந்த மூலையில் சமையலறை வைக்கலாம் என்று தினமும் யாராவது கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட வீட்டுக்காரர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேட்டி துண்டு நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். வாசக்கால் வைக்கும் அன்று ஆசாரிக்கும், வீடு முடிந்ததும் மேஸ்திரிக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, துண்டு, பணம் வைத்துக் கொடுப்பது நம் பெரியவர்கள் ஏற்படுத்தியது. அந்தத் தாம்பாளம் ஒன்றிரண்டு பேரோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியவர்களில் ஆரம்பித்து, கொத்து வேலை, கம்பி, கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங், ஒயரிங், பிளம்பிங், பூச்சு, டைல்ஸ், பெயின்ட், கடைசியாக ஜன்னல் கிரில்லைப் பற்றவைத்தவர் வரை, 1,000 சதுர அடி வீடு ஒன்றில் 40 பேராவது கை வைத்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், அப்புறம் ஒன்றிரண்டு கொத்தனார். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு அதோடு நின்றுவிடும்.

இப்போது கூலி விஷயத்துக்கு வருகிறேன். கூலி ஒரு நாள் உழைப்புக்கு. அந்த நாளில் அவர் எவ்வளவு அக்கறையோடு வேலை பார்த்தார் என்பதற்கு விலை வைக்க முடியாது. முக்கியமான வேலை முழுக்க நம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தூணையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நெட்டுக்கு நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சுமார் அரை அடிக்கு ஒன்றாக ஒரு சதுர வளையம் மாட்டியிருப்பார்கள். ரிங் என்போம். அந்த ரிங்கின் இரண்டு முனைகளையும் 135 டிகிரிக்கு மடக்கி, தூணின் உள்வயிற்றுக்குள் திருப்பிவிட வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய கட்டடத்துக்கான விதி அது. 90 டிகிரியில் மடக்கினால் வேலை சீக்கிரம் முடியும், வீட்டுக்காரர் கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனால் கட்டடம் ஆடும்போது மேல் கான்கிரீட் உதிர்ந்து ரிங் வாயைத் திறந்துவிடும், நெட்டுக்கம்பி வெளியே பிதுங்கும். கம்பி கட்டுகிறவர் வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ரிங் மடக்குகிறார். ஒவ்வொன்றிலும் அந்தக் கொஞ்சூண்டு கூடுதல் மடக்கு. மறுநாள் கான்கிரீட் விழுந்ததும் அது யார் கண்ணிலும் என்றைக்கும் படாது. உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது அந்த மடக்கை நம்பித்தான்.

ரூஃபிலும் அதே கதைதான். இரண்டு திசையிலும் அரை அடிக்கு ஒரு கம்பி என்றால் ஒரு சதுர அடிக்கு நான்கு சந்திப்பு. 1,000 சதுர அடிக்கு 4,000. ஒன்றுவிட்டு ஒன்று கட்டினாலும் 2,000 முடிச்சு. இடுப்பை மடித்துக் குனிந்து, கட்டுக்கம்பியைப் போட்டு, கொக்கியால் ஒரு முறுக்கு. அப்புறம் அடுத்தது. அந்த முதுகை ராத்திரி எட்டு மணிக்கு யார் நினைத்துப் பார்க்கிறோம்? சரியாகச் செய்த வேலை பேச்சில் வருவதே இல்லை. ஒழுகினால்தான் கொத்தனார் ஞாபகம் வருகிறது.

அடுத்து சித்தாள். மாமாவின் கணக்கில் இவர் கடைசியில்தான் வருவார். நான் முதலில் வைக்கிறேன்.

1,000 சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக 20,000 செங்கல் என்று கணக்கு வைப்போம். ஒரு கல் ஏறக்குறைய 3 கிலோ. மொத்தம் 60 டன். லாரியிலிருந்து அடுக்குக்கு, அடுக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து சாரத்தில் நிற்கும் கொத்தனார் கைக்கு என்று ஒவ்வொரு கல்லும் நான்கு முறையாவது தூக்கப்படுகிறது. சிமென்ட் சுமார் 400 மூட்டை, அது ஒரு 20 டன். மணல், ஜல்லியை நான் சேர்க்கவே இல்லை. இந்தப் பாரத்தில் பெரும்பகுதி பெண்களின் தலைமேல் ஏறி, சவுக்குக் கம்பில் கட்டிய சாரத்துப் பலகை வழியாக மேலே போயிருக்கிறது.

கல்லை நனைப்பது ஏதோ எடுபிடி வேலை என்று நினைப்போம். காய்ந்த கல்லை வைத்துக் கட்டினால், கலவையில் இருக்கும் தண்ணீரைக் கல் உறிஞ்சிக்கொள்ளும். கலவை பிடிக்காது, சுவர் பலமில்லாமல் போகும். தொட்டியில் கல்லைப் போட்டதும் மேலே வரும் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று பார்த்து, நின்ற பிறகு எடுத்துக் கொடுக்கிறவர் சித்தாள்தான். கொத்தனார் கலவையின் பதத்தைச் சொல்வதற்கு முன்பே, வெயிலைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்தவரும் அவர்தான். கட்டு வேலையில் 20 வருடம் இருக்கும் ஓர் அக்காவின் உள்ளங்கையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ரேகைகள் தேய்ந்து, வழவழப்பான கூழாங்கல் மாதிரி இருந்தது. ரேஷன் கடை மெஷினில் அவருக்கு ரேகை விழுவதில்லை. மூன்று நான்கு முறை துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார்களாம், பின்னால் வரிசை முணுமுணுக்குமாம். ஊரில் பல பேருடைய வீட்டைக் கட்டிய கை, அரசாங்க மெஷினுக்கு முன்னால் தன்னை யார் என்று காட்ட முடியாமல் நிற்கிறது. அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். நான்கு பேர் உயிரைக் கொடுத்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத சிலை. இந்தியாவில் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-இல் கொண்டாடியதும் அதே சென்னைக் கடற்கரையில்தான். ஆனால் அந்தப் பாறையைச் சுற்றி நிற்கும் நான்கு பேரும் ஆண்கள். கல் சுமக்கும் பெண்ணை அன்றாடம் பார்த்துப் பழகியவன் என்பதால், அங்கே போகும்போதெல்லாம் ஐந்தாவதாக ஓர் உருவத்தை என் மனசு தேடும்.

படித்தவர்கள் நாங்கள், அவர்கள் உடலால் மட்டும் உழைப்பவர்கள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. அது போனது என் மூன்றாவது வீட்டில். கழிவறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் குழாய்க்கு நான்தான் வரைபடம் போட்டிருந்தேன். தூரம் 40 அடி. வயதான கொத்தனார் ஒருவர் வரைபடத்தைப் பார்க்கக்கூட இல்லை. இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, "சார், தண்ணி மேல ஏறாது சார்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் எதுவும் பேசாமல், இரண்டு இடம் ஒரே மட்டமா என்று பார்க்கும் தண்ணீர் டியூபை எடுத்தார். வாளித் தண்ணீரை வாயால் உறிஞ்சி டியூபை நிரப்பி, உள்ளே ஒரு குமிழி இல்லாதபடி விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றினார். ஒரு முனையைச் சித்தாள் கழிவறைச் சுவரில் கரிக்கோடு போட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு இவர் குழிப்பக்கம் போனார்.

"நிக்குதா?"

"ஒரு நூல் எறங்குது... இப்ப நிக்குது."

நூல் என்றால் எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கொத்தனார் போட்ட கோட்டிலிருந்து டேப் வைத்து அளந்து பார்த்தோம். 40 அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் வேண்டும். என் கணக்கில் நாலு அங்குலம்தான் இருந்தது. தொட்டியின் வாய் அவ்வளவு மேலே இருந்தது. அப்படியே கட்டியிருந்தால் அந்த வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க அடைப்பு எடுத்துக்கொண்டே இருந்திருப்பார். கொத்தனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டியூபில் இருந்த தண்ணீரை வாளியிலேயே திருப்பி ஊற்றிவிட்டு, "குழிய எறக்கிரலாமா சார்?" என்று என்னிடமே உத்தரவு கேட்டார். அன்று சாயங்காலம் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு முனையைப் பிடித்து, ஒரு நூல் இறங்குகிறது என்று சரியாகப் படித்துச் சொன்னாரே அந்தப் பெண், அவரும் அந்த அளவீட்டில் பாதி என்பது எனக்கு உறைக்க இன்னும் பல வருடம் ஆனது.

வீடு கட்டுகிற வேலையில் அறிவு எங்கே முடிந்து உடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. தூக்குக்குண்டு ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் பொறுமை, குளியலறைத் தரையில் கண்ணுக்குத் தெரியாத சாய்வை மட்டப்பலகையால் இழுத்துக் கொண்டுவரும் மணிக்கட்டு, இதையெல்லாம் நான் நான்கு வருடம் கல்லூரியில் படித்தும் கற்றுக்கொள்ளவில்லை.

ரூஃப் கான்கிரீட் போட்ட நாளில் நீங்கள் அங்கே இருந்திருப்பீர்கள். காலை 7 மணிக்கு மிக்சர் மெஷின் ஓட ஆரம்பித்தால் கடைசிச் சட்டி விழும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்று, போட்ட கான்கிரீட் இறுகிவிட்டால், அதன்மேல் போடுவது ஒட்டாது. அந்த இணைப்பு வழியாகத்தான் பிற்காலத்தில் தண்ணீர் கசியும். அதனால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது கிடையாது. இரண்டிரண்டு பேராக இறங்கி நாலு வாய் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். சிமென்ட் தண்ணீர் கடும் காரம், தோலை அரித்துவிடும். காலையிலேயே கை காலெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள். ஆனாலும் சாயங்காலம் கால்விரல் இடுக்கில் தோல் உரிந்து சிவந்திருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் இதைத் தடுத்துவிடும். அன்றைக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கிற வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், சந்தோஷம். அதோடு பத்து ஜோடி பூட்ஸும் வாங்கிக் கொடுத்த ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா அவர்.

நீங்கள் கேட்டது கிரகப்பிரவேசத்தைப் பற்றி. ஆனால் உங்கள் வீட்டில் இன்னும் பெயின்ட், டைல்ஸ், காம்பவுண்டுச் சுவர் வேலை மிச்சம் இருக்கும். விழாவில் கொடுக்கும் சேலையைவிட, மிச்சமிருக்கும் நாட்களில் நீங்கள் செய்யக்கூடியது பெரிது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கழிவறை. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நானே முதல் பத்து வருடம் இதை யோசித்ததில்லை. ஒரு சித்திரை மாத மதியம், மயங்கி விழப் பார்த்த ஒரு சித்தாளிடம், "ஏன்க்கா தண்ணி குடிக்கலையா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணி குடிச்சா எங்க சார் போறது?" என்றார். சுற்றிலும் வீடுகள், திறந்த மனை. ஆண்கள் ஏதோ ஒரு மறைவுக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிவரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, 40 டிகிரி வெயிலில் கல் சுமக்கிறார்கள். சிறுநீர்த்தொற்று அவர்களுக்கு ஜலதோஷம் மாதிரி வாடிக்கையாக வருகிறது. அன்றிலிருந்து என் எந்த மனையிலும் முதல் கல் வைப்பதற்கு முன்னால் நாலுக்கு நாலு தகரக் கொட்டகையில் ஒரு கழிவறை எழும்பிவிடும். உள்ளே தாழ்ப்பாள், ஒரு வாளி, ஒரு மக். உங்கள் வீட்டில் கழிவறை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கோப்பையைக்கூடப் பதித்திருப்பீர்கள். "புதுசு, அழுக்காகிடும்" என்று பூட்டி வைத்திருந்தால் இன்றைக்கே அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள். அதைக் கட்டியவர்களே அதை உபயோகிக்கக் கூடாது என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்ப அலையை 2024-இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. கோடையில் காலை ஆறு மணிக்கே வேலையை ஆரம்பித்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தலாம். மேஸ்திரி தானாக இதைச் சொல்ல மாட்டார், வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற பயம். நீங்கள் சொன்னால் நடக்கும். ஒரு தார்ப்பாய் நிழலும் ஒரு பானை நீர்மோரும் போதும்.

அப்புறம் சனிக்கிழமை. வாரக்கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வர வேண்டும். "ஏடிஎம்ல பணம் இல்ல, திங்கக்கிழமை வாங்கிக்கங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். அந்த ஒரு வார்த்தையில் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும், வாரத்துக்கான மளிகையும், பிள்ளையின் வேன் காசும் நின்றுபோகும். வட்டிக்கு வாங்கினால் அந்த வாரக் கூலியில் ஒரு பங்கு வட்டிக்காரருக்குப் போகும். ஐந்து மணிக்குக் கொடுத்தால் சந்தைக்குப் போய்விட்டு வெளிச்சத்தில் வீடு சேருவார்கள். எட்டு மணிக்குக் கொடுத்தால் அதே பணம் பாதிக்குத்தான் உதவும்.

கூலியிலேயே இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஆண் உதவியாளரைப் பெரியாள் என்கிறோம், பெண்ணைச் சித்தாள் என்கிறோம். பெயரிலேயே ஏற்றத்தாழ்வு. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இன்றும் சித்தாளின் கூலி பெரியாளைவிடக் குறைவுதான். பெரியாள் மம்பட்டி பிடித்துக் கலவை போடுகிறார், அது கனமான வேலை என்று மேஸ்திரிகள் காரணம் சொல்வார்கள். மாடிக்குக் கல் ஏற்றுவது என்ன லேசான வேலையா? இதைவிட என்னை உறுத்துவது வேறு. பெரியாளாக வந்த பையன் நாலைந்து வருடத்தில் கரணை (கலவை பூசும் கரண்டி) பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்பே வந்த பெண் 30 வருடம் கழித்தும் சித்தாள்தான். கரணையை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. என் வேலைகளில் இரண்டு பெண்கள் இப்போது பூச்சு வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பூசிய சுவரை விரலால் தடவிப் பார்த்து எந்த வீட்டுக்காரரும் இதுவரை வித்தியாசம் சொன்னதில்லை.

நல வாரியம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பிளான் அப்ரூவலுக்குப் பணம் கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள், தொழிலாளர் நல நிதி என்று ஒரு வரி இருக்கும். கட்டட மதிப்பில் 1 சதவீதம். தமிழ்நாட்டில் 1982-இல் உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது, அதை வைத்து 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. தொழிலாளர்கள் பல வருடம் தெருவில் இறங்கிப் போராடி வாங்கியது அது. நாடு முழுவதுக்குமான கட்டுமானத் தொழிலாளர் சட்டம் அதற்குப் பிறகு, 1996-இல்தான் வந்தது. நீங்கள் கட்டிய பணம் அந்த வாரியத்துக்குத்தான் போகிறது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டு. ஆனால் அட்டை இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் வீட்டில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் அட்டை இருக்காது, இருந்தாலும் புதுப்பிக்காமல் காலாவதி ஆகியிருக்கும். ஆன்லைனில் பதியத் தெரியாது, ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் லேப்டாப்போடு அவர்கள் நடுவில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுங்கள். உங்கள் வீட்டில் இத்தனை நாள் வேலை பார்த்தார் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். பட்டுப் புடவையைவிட அந்த அட்டை அவர் வீட்டில் அதிக நாள் இருக்கும்.

அதையே ஒட்டி ஒரு பழக்கம் சொல்கிறேன். மனையில் ஒரு நோட்டு வையுங்கள். வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் பெயர், ஊர், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், அந்த நம்பர். 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழைநாளில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்துபோனார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அந்தச் செய்திகளைப் படித்த வாரத்தில் என் சொந்த மனைகளுக்குப் போய் நின்று பார்த்தேன். என் வேலையில் இருந்த வெளிமாநிலத்துப் பையன்கள் எட்டுப் பேரில் ஒருவருடைய வீட்டு நம்பர்கூட என்னிடம் இல்லை. எல்லோரையும் "ஹிந்திக்காரப் பசங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். விசாரித்தால் மூன்று பேர் ஒடியா பேசுகிறவர்கள், இருவர் வங்காளம், மற்ற மூன்று பேர் வீட்டில் பேசுவது சந்தாலி. ஹிந்தி அவர்களுக்கும் வேலைக்கு வந்த இடத்தில் கற்றுக்கொண்ட பாஷை, நம் தமிழைப் போலத்தான். அன்றைக்கு வாங்கிய நோட்டு இன்று ஒன்பதாவது நோட்டாக ஓடுகிறது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்டில் ஒரு கல் பதிப்பார்கள். "அன்னை இல்லம்", "முருகன் அருள்", வீட்டுக்காரர் பெயர், படிப்பு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்வந்தால் இதில் ஏதோ குறைகிறது என்று தெரியும். 1010-இல் அந்தக் கோயில் வேலை முடிந்தபோது, ராஜராஜன் தன் பெயரோடு, அதைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். ராஜராஜப் பெருந்தச்சன் என்று தன் பட்டத்தையே அவனுக்குக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த தச்சர்களும் அங்கே இருக்கிறார்கள். கோயிலில் விளக்குப் போட்டவர்கள், துணி வெளுத்தவர்கள், முடி திருத்தியவர்கள் யார் யாருக்கு என்ன பங்கு என்பதும் கல்லில் இருக்கிறது. கல் சுமந்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் இல்லை, அது உண்மை. ஆனாலும் ஒரு மன்னன் செய்ததில் கால்வாசியாவது, மாதத் தவணையில் வீடு கட்டும் நம்மால் செய்ய முடியும்.

அதனால் விழாவுக்கு என் யோசனை இதுதான். மேஸ்திரியை உட்கார வைத்து 40 பேருடைய பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பத்திரிகை போகட்டும், முடிந்தால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். வந்தவர்களை முதல் பந்தியில், உங்கள் உறவினர்களுக்கு நடுவில், இலை போட்டு உட்கார வையுங்கள். கடைசிப் பந்தியில் அல்லது கொல்லைப்பக்கம் பொட்டலமாகக் கொடுப்பது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. அது ஏன் நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது. சாப்பிட்டதும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள், "இந்தச் சுவர் நான் கட்டினது" என்று. கூரை போடாத நாளில் வீடு முழுக்கச் செருப்போடு நடந்தவர்கள், பால் காய்ச்சிய மறுநாள் ஏதோ சின்ன ரிப்பேருக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று "அம்மா" என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை விருந்தாளியாக உள்ளே வந்துவிட்டால் அந்தத் தயக்கம் குறையும்.

அவரவருக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், சேலை, வேட்டியோடு அவரவர் தொழிலுக்கு உதவுவதை யோசியுங்கள். கொத்தனாருக்கு மட்டம் பார்க்கும் நல்ல ரசமட்டம், எலக்ட்ரீஷியனுக்குத் தரமான டெஸ்டரும் கையுறையும், பெயின்டருக்கு உயரத்தில் நிற்கும்போது இடுப்பில் மாட்டும் பெல்ட். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள்.

மாமாவிடம் சண்டை போட வேண்டாம். அவரையே பந்தி விசாரிக்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கேட்டுப் பரிமாறத் தொடங்கினால் மனசு மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

என் சொந்த வீட்டைக் கட்டியது 2016-இல். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், வாசலுக்கு வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, ஒன்றரை அடிக்கு ஒரு கருங்கல் பலகை பதித்தேன். கை வைத்த எல்லோர் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று ஆசை. 43 பெயர் சேர்ந்தது. ஒரே ஒருவர் பெயர் மட்டும் கிடைக்கவில்லை, செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டியவர். இரண்டே நாள் வேலை பார்த்தார். மேஸ்திரியிடம் கேட்டால், "குழி வெட்டுறவர்னுதான் சார் கூப்பிடுவோம்" என்றார். அவரைக் கூட்டி வந்தவரும் அதையேதான் சொன்னார். வேறு வழியில்லாமல், பலகையில் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டுக் கல்லைப் பதித்தோம். ஐந்து மாதம் கழித்து மணப்பாறைச் சந்தையில் அவரே என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு முதலில் பெயரைத்தான் கேட்டேன். எதற்கு என்று பயந்துபோனார், சொன்னதும் சிரித்துவிட்டார். அவரிடம் கேட்காமல் அதை இங்கே எழுதுவது சரியில்லை. கல் வெட்டுகிறவரைத் திரும்ப அழைத்து வந்து, பதித்த கல்லிலேயே வெட்ட வைத்தோம். நின்றபடி வெட்டியதால் அந்த வரி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஆழமாக விழுந்திருக்கிறது.